புல் முளைத்த குவியல்

மே 3

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா என்றுதான் தொடங்க வேண்டும். எனக்கு நலமில்லை. நம் ரோடு முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

போனில் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஆனால் போன வாரம் போனில் நீங்கள் என்னை ‘நிதானம் இல்லாதவர்’ என்று சொல்லி, நான் உங்களை அதைவிட இரண்டு படி மேலே போய்ச் சொல்லி, நடுவில் என் மகள் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசவே கூடாது. பேசியே ஆகணும்னா எழுதுங்க. எழுதுறப்பவாவது யோசிப்பீங்க” என்று உத்தரவு. பெற்றவளுக்கே உத்தரவு! உங்கள் வீட்டு மருமகளான பிறகு வந்த தைரியம். போகட்டும், எழுதுகிறேன். உங்கள் லாரி டிரைவர் ஆமையிடமே கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் பணிமனை வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வளைவு வரை நான் போட்ட சோதனை ரோடு, உங்கள் ஸ்லாக் கல்லில், அதுதான் அந்த ஆலைக் கசடில் போட்டது, இரண்டு மழைதான் பார்த்தது. இப்போது பணிமனை வாசலில் தார் புடைத்துக்கொண்டு நிற்கிறது. வளைவில் விரிசல். நேற்று ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி என்னிடம் சொல்கிறார்: “மேடம், உங்க ரோட்டுல வந்ததுல, உள்ள படுத்திருந்தவர் எழுந்து உக்காந்துட்டாரு.” சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சாலை அலுவலகத்துப் பொறியாளரும் வந்தார். எப்போதும் கையில் நீளமான இரும்புச் சட்டத்தோடு வருவாரே, நாங்கள் ‘அளவுகோல்’ என்று கூப்பிடுவோமே, அவர்தான். சட்டத்தை ரோட்டின் மேல் வைத்தார். அடியில் விரலை விட்டார். பிறகு முழங்கையையே விட்டார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஜூன் நாலாம் தேதி ஆய்வுக் குழு கூடுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குழு இந்த ரோடு தோற்றுப்போனது என்று சொன்னால், ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். புருஷன் போன பிறகு ஒரு பழைய ரோலரை வைத்துக்கொண்டு நான் ஒண்டியாக நின்று சம்பாதித்த பெயர் அது.

எனக்கு இது தேவையா? குவாரிக் கல்லை வாங்கி, வழக்கம்போல ரோடு போட்டு, வழக்கம்போல திட்டு வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். நீங்கள்தானே விடவில்லை! கல்யாணத்தன்று மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போதுகூட ஸ்லாக் பேச்சுதான். ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், எல்லாப் படத்திலும் உங்கள் வாய் திறந்திருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. எனக்கு வந்த கல் எந்தக் குவியலில் அள்ளியது?

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

*

மே 6

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது, யார்டுப் பக்கம் இன்னும் போகவில்லை. சொட்டு மருந்து விடும் வேலையைத் தங்கள் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நேரம் தவறினால் என்னை அவள் பார்க்கிற பார்வையில் தங்களை நேரில் கண்ட மாதிரியே இருக்கிறது. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளவும். ரோடு கோணலாகப் போனதற்கு நான் பொறுப்பல்ல.

தங்கள் கேள்விக்குப் பதில்: பழைய குவியல். வேறென்ன? ஆலையில் இரும்பை உருக்கியதும் மிஞ்சுகிற கசடு ஆறிக் கல்லாகும். அந்தக் கல்லுக்குள் சுண்ணாம்பு வேகாமல் கிடக்கும். தண்ணீர் பட்டால் அது ஊதும். அதனால்தான் பரப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, மழையும் வெயிலும் படவிட்டு, ஊத வேண்டியதெல்லாம் ஊதி முடியட்டும் என்று ஒரு வருஷம் காத்திருக்கிறோம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா? கசடு கொட்டிவைக்கிற எங்கள் யார்டில் அப்படி ஆறப்போட்ட குவியல் ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்துதான் தங்களுக்கு ஏற்ற வேண்டும் என்று, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே நான் வாயாலும் கையாலும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஆகவே தாங்கள் தாரைச் சூடாக்கிய அளவையும் ரோலர் ஓட்டிய விதத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆடத் தெரியாதவருக்கு மேடை கோணல் என்று ஒரு பழமொழி உண்டு. அதை நான் இங்கே சொல்லவில்லை.

சம்பந்தியம்மா, இந்தக் கசடு மலை தங்களுக்கு வெறும் கல். எங்களுக்கு அப்படியில்லை. ஆலைக் கசடு வளர்ந்து வளர்ந்து எங்கள் சமையலறை ஜன்னலை மூடிவிட்டது. பகலிலேயே விளக்குப் போட்டுத்தான் சமைக்கிறாள் என் வீட்டுக்காரி. இந்தக் குடியிருப்பில் எவர் வீட்டுத் துணியும் வெள்ளையாகக் காய்ந்ததில்லை. ரோடு போட ஆரம்பித்தால் மலை குறையும் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறேன். என்னைக் கோமாளி ஆக்கிவிடாதீர்கள்.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். தங்கள் ஆய்வகத்தில் வெந்நீர்ச் சோதனை செய்திருப்பீர்களே, அது என்ன காட்டியது?

தங்கள் அன்புள்ள சம்பந்தி

*

மே 9

சம்பந்தி அவர்களுக்கு,

பழமொழியைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. அதைச் சொல்லாமலே ஆமை வரைக்கும் தெரிந்துவிட்டது. கடிதத்தைக் கொடுக்கும்போதே, “ஐயா கொஞ்சம் சூடா எழுதியிருக்காருங்க, நிழல்ல உக்காந்து படிங்க” என்றார். என்னுடைய ரோலர் டிரைவர், இடையில் தூங்கினாலும் நேராக ஓட்டுகிற மனுஷன். அவரைக் குறை சொன்னீர்களா? அவரிடமே படித்துக் காட்டினேன். உங்களை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார். வர வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

தார் சூடு சரி. ரோலர் சரி. நேற்று காலை, வண்டிகள் வரும் முன்பு, பணிமனை வாசலில் புடைத்த இடத்தை வெட்டி எடுத்தேன். கல்லைச் சுற்றி வெள்ளையாக மாவு. சில கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கீழ்ப் படுகையில் இன்னும் மோசம். ஒரு பிடி கல்லைக் கழுவி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் ஒரு பாத்திரம் வெந்நீர் வாங்கி, அதில் போட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் கல் விரிந்து உதிர்ந்திருக்கிறது. டீக்கடைக்காரர் பாத்திரத்தையே திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்.

இது ஆறின கல்லா? ஒரு வருஷம் மழை வெயில் பார்த்த கல்லா? இரும்பு உருக்கிய அடுப்பிலிருந்து நேராக இறங்கி வந்த கல் இது. பச்சைக் கல். வெட்டிய துண்டைச் சாக்கில் கட்டி ஆமையிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல கண்ணால் பாருங்கள். பார்த்துவிட்டு, எழுந்து போய் உங்கள் பழைய குவியலையும் பாருங்கள். அதில் கை வைத்திருக்கிறார்களா, இல்லையா?

இந்த முறை பழமொழி வேண்டாம்.

சம்பந்தி

*

மே 12

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். துண்டைப் பார்த்தேன். குவியலையும் பார்த்தேன்.

தவறு என் யார்டில் நடந்திருக்கிறது. பழைய குவியல் அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை. தங்களுக்கு வந்தது புதுக்கல். பொறுப்பு என்னுடையது. ஆய்வுக் குழுவில் என் பெயரையும் யார்டின் பெயரையும் தாராளமாகச் சொல்லுங்கள். எழுதித் தர வேண்டுமென்றாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கள் மகள் நலம்.

சம்பந்தி

*

மே 14

சம்பந்தி அவர்களுக்கு,

என்ன ஆச்சு உங்களுக்கு?

கல்யாணப் பத்திரிகையில் உங்கள் இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப்போனதற்கு அச்சகத்துக்காரரோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்ற மனுஷர் நீங்கள். என்னிடம் போனில் தொண்டை கிழியக் கத்தியவர். இப்போது நான் ஒரு துண்டுக் கல்லைச் சாக்கில் அனுப்பினதும் அரைப் பக்கத்தில் சரணாகதியா? இவ்வளவு சீக்கிரம் தோற்கிற ஆள் இல்லையே நீங்கள்! சந்தோஷப்பட வேண்டிய நான், கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

நீங்கள் எதையோ மூடுகிறீர்கள். யாரையோ என்று சொன்னால் இன்னும் சரி. நீங்கள் ‘பழைய குவியல்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி போனீர்கள். அதை மாற்றிச் சொன்னது யார்? லோடர் ஓட்டுகிறவரா? உங்கள் மகனா? அந்தப் பையன் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை, அவன் எங்கே மாற்றிச் சொல்லப் போகிறான். உங்கள் வீட்டுக்காரம்மாவா? அவர் யார்டு பக்கமே வருவதில்லை.

பெயரைச் சொல்லுங்கள். நான் ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டேன்.

இன்னொன்று. உங்கள் முதல் கடிதத்திலேயே நீங்கள் கேட்டீர்கள், வெந்நீர்ச் சோதனை என்ன காட்டியது என்று. நான் பதில் சொல்லவில்லை, நீங்களும் கவனித்திருப்பீர்கள். நீங்கள் அரைப் பக்கத்தில் பழியை ஏற்றுக்கொண்ட பிறகு எனக்கு அதை முழுங்கிக்கொண்டு உட்கார முடியவில்லை. சோதனை செய்யவில்லை. ஆய்வகத்து அம்மா கல்லை இரும்புக் குவளைக்குள் இறுக்கி நிரப்பி, வெந்நீர்த் தொட்டியைக்கூடத் தயாராக வைத்துவிட்டுத்தான் என்னைக் கேட்டார். நான்தான், “சம்பந்தி வீட்டுக் கல்லுக்கு சோதனையா? நம்பிக்கை இல்லைன்னு ஆகிடாதா? நாளைக்கு என் பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா?” என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு உள்ளே எடுத்துவிட்டேன். வேறு யார் கல்லாக இருந்தாலும் ஒரு வாரம் தொட்டியில் போட்டு, கல் ஊதி, அளவு காட்டும் முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காமல் விட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு மரியாதை செய்யப் போய் இந்த நிலைமை.

சம்பந்தி

*

மே 18

சம்பந்தியம்மா,

மரியாதையாம், மரியாதை!

இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, என் வீட்டுக்காரி குப்பைக் கூடையை மேஜைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் காபி வையுங்கள், அது மரியாதை. கல் வந்தால் வெந்நீர் வையுங்கள், அதுதான் மரியாதை. இத்தனை வருஷம் ரோடு போட்ட தங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே! தங்கள் கையில் ஒரு வாரம், ஒரு தொட்டி, ஒரு முள் இருந்தது. அந்த முள் ஏறியிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். எனக்கு ஒரு நாள் கோபம் இருந்திருக்கும், அவ்வளவுதான். ரோடு தப்பித்திருக்கும். பட்டியலில் பெயர் தப்பித்திருக்கும். என் மலையும் தப்பித்திருக்கும். இல்லை, மலை தப்பிக்கக் கூடாது, குறைய வேண்டும். பார்த்தீர்களா, கோபத்தில் எனக்கு எழுத்தும் வரவில்லை.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். தங்கள் ரோடு புடைத்த செய்தி இங்கே ஊரெல்லாம் பரவிவிட்டது. “உங்க கல்லு ரோட்டையே குட்டி போட வைக்குதாமே” என்று குடியிருப்பில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். ஆலை அதிகாரி, இனி ஒரு லோடுகூட வெளியே போகக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். குழு ‘கல் ஆகாது’ என்று எழுதிவிட்டால் அது எழுத்தாகவே வந்துவிடும்.

யார் என்று கேட்கிறீர்கள். கடித்துத் தின்ன மாட்டேன் என்கிறீர்கள். தாங்கள் குவாரி லாரி ஒன்றை, கல்லோடு நாலு புல் வந்ததற்காக, தார்க் கலவை பிளான்ட் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினீர்களே. “இது கல்லா, கன்னுக்குட்டிக்குத் தீவனமா?” என்று கேட்டீர்களே. அந்த டிரைவர், அப்பா வயசுக்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாரே. என் பழைய குவியலைத் தாங்கள் பார்த்ததில்லை. ஒரு வருஷம் தண்ணீர் தெளித்ததில் அது முழுக்கப் புல் முளைத்து, தூசி படிந்து, வயசான ஆள் மாதிரி கிடக்கும். புதுக் குவியல் கழுவி வைத்த மாதிரி பளபளவென்று இருக்கும். தங்கள் கோபத்தைத் தெரிந்த ஒருவர் அந்த இரண்டையும் பார்த்தால் எதை ஏற்றுவார்?

போதும். ஏற்கெனவே ஒரு வரி கூடப் போய்விட்டது. யார் என்று கேட்காதீர்கள். பழி என்னுடையது, அதில் மாற்றமில்லை.

சம்பந்தி

*

மே 20

சம்பந்தி அவர்களுக்கு,

அந்த டிரைவர் அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொல்லியிருக்க மாட்டார். அன்றைக்கு வாசலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒரே ஆள்தான் இருந்தாள். காலேஜ் விட்டு வந்து, வீட்டுச் சாவி வாங்க என் பின்னால் நின்றவள்.

என் மகள்தானே?

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார்டைப் பார்த்துக்கொண்டது அவள்தான் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எந்தக் கல்லை அனுப்பினாள் என்பதை விடுங்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும். என்ன சொல்லி அனுப்பினாள்? அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். மெழுகிப் பூசி எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், உங்கள் எழுத்து எனக்குப் பழகிவிட்டது.

பழைய குவியலிலிருந்து இரண்டு சாக்குக் கல் அனுப்புங்கள். புல்லைப் பிடுங்க வேண்டாம்.

சம்பந்தி

*

மே 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். சாக்குகள் வருகின்றன. புல்லோடு.

தாங்கள் கேட்டபடியே எழுதுகிறேன். மெழுகவில்லை. லோடர் ஓட்டுகிறவரிடம் கேட்டேன், பிறகு அவளிடமே கேட்டேன், இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கிறது.

லாரி வந்து நின்றதும் லோடர்காரர் பழைய குவியலுக்குத்தான் போயிருக்கிறார். இவள் ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டி, “அண்ணே, இதையா ஏத்துறீங்க? எங்கம்மா கண்ணுல இந்தப் புல்லு பட்டுச்சுன்னா லாரி அப்படியே திரும்பி வரும். நல்லதா, சுத்தமா இருக்கறதை ஏத்துங்க” என்றாளாம். அவர், “ஐயா இதைத்தான்மா சொன்னாரு” என்றிருக்கிறார். அதற்கு இவள், “மாமா கண்ணு தெரியாமப் படுத்திருக்காரு. இந்த நேரத்துல எங்கம்மா அவரை வார்த்தையால அடிச்சா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு இந்த வீட்டுல இருக்கறது?” என்றாளாம். சம்பந்தி வீட்டுக்குப் போகிற கல்லாயிற்றே, நல்லதைக் கொடுப்போம் என்று அவரும் புதுக் குவியலுக்குப் போய்விட்டார்.

தங்கள் பிளான்டில் வளர்ந்தவள். சுத்தமான கல் நல்ல கல், புல் வந்தால் கெட்ட கல் என்றுதான் அவளுக்குத் தெரியும். தாங்கள் கற்றுக் கொடுத்ததும் அதுதான், குவாரிக் கல்லுக்கு அது சரியும்கூட. கசடுக்கு நேர்மாறு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மேடையில் தங்களிடம் மணிக்கணக்காகப் பேசிய நான், வீட்டுக்குள் இருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய குவியல் அப்படியே கிடப்பதை நான் பார்த்துவிட்டு வந்த அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. தானே தங்களிடம் வந்து சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். “எங்கிட்ட பேச பயமில்ல மாமா உங்களுக்கு, எங்கம்மாகிட்டதானே பயம்?” என்று என்னைக் கேட்டாள். பயம்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். இந்த வீட்டில் எங்களை எல்லாம் அதட்டி உருட்டி மேய்க்கிற பெண் அவள். என் மகனையே இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச வைத்திருக்கிறாள். அன்று போனில் ஒருமுறை துணிந்தாள் என்றாலும், தங்கள் பெயரை எடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

இனி குழு விஷயம். நான் யோசித்துவிட்டேன். ‘யார்டுக்காரர் பச்சைக் கல்லை அனுப்பி ஏமாற்றிவிட்டார்’ என்று சொல்லுங்கள். தங்கள் பெயர் பட்டியலில் நிற்கும். அவள் பெயர் வராது. என் ஜன்னல் மூடியே கிடக்கட்டும், இத்தனை வருஷம் விளக்குப் போட்டுச் சமைத்தோம், இன்னும் கொஞ்ச வருஷம் சமைப்போம்.

தங்கள் சம்பந்தி

*

ஜூன் 5

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று குழு கூடியது. நீங்கள் சொன்ன மாதிரி நான் சொல்லவில்லை. எதிலும் உங்கள் பேச்சைக் கேட்டதில்லை, இதில் மட்டும் எதற்கு?

நீள மேஜை, ஐந்து பேர், மேலே ஓடாத மின்விசிறி. ‘அளவுகோல்’ தன் சட்டத்தைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். தலைவர் நேராகவே கேட்டார்: “கல் ஆகாதுன்னு எழுதிக்கலாமாம்மா? உங்க பேர் தப்பிச்சுக்கும்.” வழியையும் அவரே காட்டிவிட்டார். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

உங்கள் இரண்டு சாக்கை மேஜையில் வைத்தேன். ஒன்றைப் பிரித்து, புல்லும் மண்ணுமாக அவர்கள் முன்னால் கொட்டினேன். ஒரு வாரம் வெந்நீரில் கிடந்த அதே கல்லின் சோதனையைக் காட்டினேன். முள் அசையவே இல்லை. பக்கத்தில், ரோட்டில் வெட்டி எடுத்த பச்சைக் கல்லின் சோதனை. அதன் முள் ஏறினதைப் பார்த்து ‘அளவுகோல்’ நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். “கல் கெட்டதில்லை. ஆறாத கல்லை, சோதிக்காம வாங்கினது நான். கையெழுத்து என்னுடையது” என்றேன்.

யார் மாற்றி ஏற்றினார்கள் என்று கேட்டார்கள். “எந்தக் குவியல்ல இருந்து வந்திருந்தாலும் என் வாசல்ல அது நின்னிருக்கணும். நிக்கலை” என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

முடிவு: என் பெயரை ஒரு வருஷத்துக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். புடைத்த ரோட்டை நானே பெயர்த்துத் தர வேண்டும். உங்கள் கல்லுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள், சோதனை இல்லாமல் ஒரு கூடைகூட இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதே இடத்தில் வேறு ஒப்பந்தக்காரர் போடுவார். யார் தெரியுமா? என்னைக் கண்டால் மீசையைத் தடவுகிற அந்த ஆள்தான். என் ரோட்டில், என் சம்பந்தி கல்லில், அவர் பெயரில்! வயிறு எரிகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டுமே. அந்த ஆளுக்கு அனுப்பும் ஒவ்வொரு லோடையும் நீங்களே நின்று பாருங்கள். அவர் தோற்றால் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைக்காதீர்கள். வந்தாலும் அடக்கிக்கொள்வேன். ஜன்னல் திறந்ததும் எனக்கு எழுதுங்கள்.

சாக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆமை லாரியை வாசலில் நிறுத்தினார். வழக்கமாக இறங்கி வந்து வணக்கம் சொல்கிறவர் அன்றைக்கு இறங்கவே இல்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்து, “புல்லோடதாங்க இருக்கு மேடம். திருப்பிக்கட்டுமா?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் ரிவர்ஸ் கியரில் கை வைத்திருந்தார். எத்தனை வருஷமாக எத்தனை பேர் என் வாசலில் இப்படி நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் வேறு எதைச் செய்வாள்?

அவள் செய்தது தப்புத்தான். கேட்காமல் குவியலை மாற்றினது தப்பு. அதை அவளிடம் நான் சொல்லியே தீருவேன், அதில் சலுகை கிடையாது. ஆனால் உங்கள் வீட்டில் அவள் பயந்தது உங்களுக்கில்லை, எனக்கு என்று நீங்கள் எழுதினீர்களே, அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. ஊரில் எல்லாப் பெண்களும் மாமியார் வீட்டிலிருந்து தப்பித்து அம்மாவிடம் ஓடி வருவார்கள். என் பெண்ணை நீங்கள் என்னிடமிருந்து மறைத்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் எல்லாம் சேர்ந்தாலும் இந்த நன்றிக் கடனுக்கு ஈடாகாது.

அந்தப் போன் தடையை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் அவளே கூப்பிடட்டும். கத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், கொடுத்தாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நான் கத்தினால் அவளும் திருப்பிக் கத்தட்டும். பயந்துபோய் போனை மட்டும் வைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவள் அம்மா